‘லைஃப்டைம்’ என்று விற்கும் நோட்ஸ் செயலிகள்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நோட்ஸ் செயலி ஏதாவது ஒன்றுக்கு ‘ஒருமுறை கட்டினால் ஆயுசுக்கும் போதும்’ என்று பணம் கட்டப் போகிறீர்களா? கட்டும் முன் அதில் நாலு குறிப்பைத் தமிழில் எழுதி, ஒரு பில்லை போட்டோ எடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே போடுவது எல்லாச் செயலியிலும் சுகமாகத்தான் இருக்கும். எடுக்கும்போதுதான் லட்சணம் தெரியும். நான் மாட்டிக்கொண்ட செயலி மீது புகார் நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இப்போது போடவில்லை. பெயர் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம்.

ஈரோட்டில் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். இந்தத் தொழிலில் ரிட்டர்ன் போடுவது பாதி வேலை. மீதிப் பாதி, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை ஞாபகம் வைத்திருப்பது. சப்ளையர் பில்லை எந்த மாதம் ஏற்றினார், கடைக்காரர் எந்த பில்லை டிராயரிலேயே விட்டுவிட்டார், எதிர்ப்பக்க ஆடிட்டர் போனில் எதை ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்காது. அதற்காகத்தான் செயலி. கடைக்கு ஒரு நோட்புக், வருஷத்துக்கு ஒரு டேக், பில் போட்டோ குறிப்புக்குள்ளேயே. லைஃப்டைம் திட்டம் ₹4,999. நன்றாகவே ஓடியது, அதில் பொய் சொல்லக் கூடாது. தமிழில் தேடினாலும் சட்டென்று எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம் கம்பெனி கைமாறியது. புது ஆட்கள் பெயரை மாற்றி, லோகோவை மாற்றி, ‘புதிய தலைமுறைச் செயலி’ என்று ஒன்றை விட்டார்கள். பழையது மூன்று வாரத்தில் நிறுத்தப்படும் என்று ஒரு மெயில் போட்டிருக்கிறார்கள். அது ஜிமெயிலில் புரமோஷன்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. தள்ளுபடி விளம்பரம் மாதிரி தலைப்பு வைத்தால் வேறெங்கே போகும்? ஒரு நாள் காலையில் திறந்தால் ஒவ்வொரு குறிப்பின் மேலும் பூட்டுப் படம். படிக்கலாம், திருத்த முடியாது. இணைத்த போட்டோவைத் திறக்க முடியாது. திறக்க வேண்டுமானால் புதுச் செயலிக்கு வருஷச் சந்தா கட்ட வேண்டும். வாடகை பாக்கி இல்லாதவன் வீட்டைப் பூட்டிவிட்டு, சாமானை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள் என்கிற மாதிரிதான் இது.

லைஃப்டைம் கட்டியிருக்கிறேனே என்று எழுதினேன். பதில்: அந்த ‘ஆயுள்’ பழைய செயலியின் ஆயுளாம், என்னுடையது இல்லையாம். விதிமுறைப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று லிங்க் வேறு. விற்றபோது காட்டிய பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நல்லவேளை, வாங்கிய அன்றைய பக்கத்தை ரசீதோடு பிடிஎஃப் எடுத்து வைத்திருந்தேன். கணக்கு எழுதுகிறவன் புத்தி அது.

இது நடந்த நேரம்தான் கொடுமை. பெருந்துறை ரோட்டில் ஒரு இரும்புக்கடைக்கு ஏஎஸ்எம்டி-10, அதாவது ரிட்டர்னில் முரண்பாடு இருக்கிறது, விளக்கம் கொடு என்கிற ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருந்தது. வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரிக்கும் (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரி), சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்துப் போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலுக்கும் ஒத்துவரவில்லை என்று. 30 நாளுக்குள் ஏஎஸ்எம்டி-11 படிவத்தில் பதில் போட வேண்டும். சப்ளையர் பில்லைத் தாமதமாக ஏற்றிய கதை முழுக்க, தேதியோடு, பில் போட்டோவோடு அந்தப் பூட்டுக்குள் இருக்கிறது. கடைக்காரர் தினமும் போன் அடித்து, “என்னங்கண்ணா, பதில் போட்டாச்சுங்களா?” என்கிறார். என்ன சொல்ல?

சரி, எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறதே என்று தேடினால் மொபைலில் அது கிடையாது. கம்ப்யூட்டரில், அதுவும் ‘இலவச டிரையல்’ சேர்ந்தால்தான். டிரையலுக்குக் கார்டு கட்டாயம். சேர்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஜிப் கோப்பு வந்தது. திறந்தால் முதல் கோப்பின் பெயர் இது:

பரநதற ரட இரமபககட நடடஸ

‘பெருந்துறை ரோடு இரும்புக்கடை நோட்டீஸ்’ என்று நான் வைத்த தலைப்பு. கோப்புப் பெயரில் எழுத்தும் எண்ணும் இடைவெளியும் மட்டும்தான் இருக்கலாம் என்று ஒரு வடிகட்டி போட்டிருக்கிறார்கள். கால், கொம்பு, புள்ளி எதுவும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை, எல்லாவற்றையும் உருவிவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது. பெயர் கோணலாக இருந்தால் போகிறது, சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ‘பில்’ என்றாலும் ‘பால்’ என்றாலும் அதற்கு ‘பல’தான். ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்ததும் பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் ஏறிவிட்டது. செயலி காட்டும் எண்ணிக்கையைவிட ஜிப்பில் கோப்புகள் குறைவாக இருந்ததை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

இன்னும் இருக்கிறது. பில் போட்டோக்கள் எல்லாம் தனி ஃபோல்டரில், நீளமான எண் பெயர்களோடு. எந்தப் போட்டோ எந்தக் குறிப்புடையது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. குறிப்பு எழுதிய தேதி போய்விட்டது. எல்லாவற்றுக்கும் எக்ஸ்போர்ட் செய்த அன்றைய தேதி. நோட்டீஸுக்குப் பதில் எழுதுகிறவனுக்குத் தேதிதானே உயிர்? பிடிஎஃப் ஆக எடுக்கலாம் என்றார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து ஒட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தேடினால் எதுவும் கிடைக்காது. கடைசியில் அந்த இரும்புக்கடைக் குறிப்புகளைத் திரையில் பார்த்துப் பார்த்துத் தட்டினேன், பில்களைக் கடையிலிருந்தே மறுபடி வாங்கினேன். பதில் கெடுவுக்குள் போய்விட்டது.

கம்பெனி கைமாறுவதும் செயலி மூடப்படுவதும் உலகத்தில் நடக்காதது இல்லை. கூகுள் நோட்புக் 2012-ல் போனது. வேலைப் பட்டியல் செயலியான வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020-ல் மூடியது; பட்டியல்களைத் தன் இன்னொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது. மெயிலும் குறிப்பும் வைத்துக்கொள்ளும் ஸ்கிஃப்பை, நோட்ஸ் செயலிக் கம்பெனியான நோஷன் 2024 பிப்ரவரியில் வாங்கியபோது எடுத்துக்கொண்டு போக ஆறு மாதம் கொடுத்தார்கள். எவர்நோட் கைமாறிய பிறகு, 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று சுருக்கிவிட்டது. விலை ஏற்றுவது, சலுகையை வெட்டுவது அவரவர் வியாபாரம். சாமானை எடுத்துக்கொண்டு போகிறேன் என்பவனைத் தடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம் ஒரு செயலி அதே கையில், அதே விதிமுறையில் இருக்கும் என்று யாரால் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

ஐரோப்பாவில் இருந்தால் அங்குள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 20-வது பிரிவைக் காட்டி, நாம் கொடுத்த தகவலைக் கணினி படிக்கிற வடிவத்தில் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். நம் ஊரில் 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் அது இருந்தது. 2023-ல் சட்டமாக வந்தபோது காணோம். திருத்து, அழி என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கேட்க இடமில்லை. அதனால் நான் நுகர்வோர் பக்கமாகப் போனேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுகிறார்கள். செயலிகளிலும் இணையதளங்களிலும் உள்ள ஏமாற்று வடிவமைப்புகள் பற்றி 2023 நவம்பரில் வந்த அரசு வழிகாட்டுதலில் 13 வகை சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றைக் காட்டி விற்று வேறொன்றைத் தலையில் கட்டுவது, சந்தாப் பொறி இரண்டும் உண்டு. இரண்டையும் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன். அதுவரை ரோபோ மாதிரி பதில் போட்ட கம்பெனிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் மனிதர் மாதிரி எழுதினார்கள். கொடுக்க வந்தது 40 சதவீதக் கூப்பன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிரையலுக்குக் கார்டு கொடுத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தானாகப் பிடிக்கும் சந்தாவாக இருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வந்ததும் செயலிக்குள் ‘ரத்து’ எங்கே என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதை ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள். நேராக வங்கிப் பக்கத்தில் ஆட்டோபே அனுமதியை நிறுத்துங்கள். நான் அப்படித்தான் செய்தேன், பணம் போகவில்லை.

இப்போது கடைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிதியாண்டு, அதற்குள் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளும் பில் போட்டோக்களும், தேதியை முன்னால் போட்டுப் பெயர். அதன் மேல் அப்சிடியன் என்ற நோட்ஸ் செயலியை வைத்துப் படிக்கிறேன். அது குறிப்பை என் ஃபோல்டரிலேயே வெறும் டெக்ஸ்ட்டாக வைப்பதால், நாளைக்கு அது போனாலும் நோட்பேடில் திறக்கலாம். ஜாப்ளின் என்ற இன்னொரு செயலியும் பார்த்தேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதுவும் பரவாயில்லை. பழைய செயலியின் தேடல் சுகம் இரண்டிலும் எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி முகவரி வெளிநாட்டில் இருப்பதால் நோட்டீஸ் போய்ச் சேரவே எவ்வளவு நாளாகுமோ. வாங்கிய அன்றைய பிடிஎஃப், கூப்பன் மெயில், ‘பரநதற ரட’ ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். முடிவு வந்ததும் பெயரோடு இதன் கீழேயே சேர்க்கிறேன்.