ஈசிஆர் பீச் ஹவுஸ்: டெபாசிட் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வார இறுதிக்கு பீச் ஹவுஸ் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. பணத்தை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடும் ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். இது வேறு மாதிரி. வீடு இருக்கும், சாவி கிடைக்கும், படுத்துத் தூங்கி எழுந்து வந்தும் விடுவோம். அதனாலேயே இதை மோசடி என்று எங்கே போய்ச் சொல்வது என்று புரியாமல் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இப்படி வீடு விடும் ஆட்களுக்கு வாடகை முக்கியமே இல்லை, பிழைப்பு ஓடுவது டெபாசிட்டில்.

என்னுடன் வந்தவள் கல்லூரித் தோழி. மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் கணக்கு டீச்சர். லீவுக்கு சென்னை வந்திருந்தாள். "நாலு பக்கமும் கடலை வச்சுக்கிட்டு இங்க வந்து பீச் கேக்கறியேடீ" என்று கிண்டல் செய்தேன். அவள் சொன்ன நியாயம் வேறு. அவள் இருக்கும் பக்கம் பவளப்பாறை வெளியிலேயே அலையைத் தடுத்துவிடுகிறதாம். உள்ளே தண்ணீர் குளம் மாதிரி சும்மா கிடக்கும், அலைச் சத்தமே கேட்காது. மிளகாய் பஜ்ஜியும் கிடையாது. அவளுக்கு இரைச்சல் போடும் கடல் வேண்டும், ராத்திரி படுத்தால் காதில் கேட்க வேண்டும். மெரினாவும் பெசன்ட் நகரும் மாலையில் போய்வரச் சரி, ராத்திரி தங்க முடியாதே. அதனால்தான் ஈசிஆர்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பார்த்த நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பினோம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், இரண்டு பெட்ரூம், சின்ன நீச்சல் குளம், பின்வாசலைத் திறந்தால் கடல். ஒரு ராத்திரிக்கு 9,000. பேசியவர் தன்னை மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார். பேச்சில் தேன் ஒழுகும். "மேடம், லேடீஸ் மட்டும்னா எங்களுக்கு டபுள் ஓகே." வாடகையில் பாதி 4,500 அட்வான்ஸ், தனியாக 10,000 டெபாசிட், "செக் அவுட் ஆன ஒன் அவர்ல ரிட்டர்ன் மேடம்." டெபாசிட்டை அங்கே வந்து நேரில் தருகிறோம் என்று தோழி கேட்டாள். வேறு பார்ட்டி லைனில் இருக்கிறார்கள், முதலில் முழுதாக அனுப்புபவருக்குத்தான் வீடு என்றார். வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொன்னதற்கு, அங்கே சிக்னல் இல்லை என்று ஏற்கெனவே எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினார். ஜிபேயில் பணம் போடும்போது திரையில் வந்த பெயர் மேனேஜர் பெயரும் இல்லை, விளம்பரத்தில் இருந்த பெயரும் இல்லை. "அது எங்க அக்கவுன்டன்ட் மேடம்." எல்லாக் கேள்விக்கும் பதிலைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஆதார் கார்டின் இரண்டு பக்கமும் வேண்டும் என்று நச்சரித்தார். தோழி கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்பினாள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஓட்டலுக்கும் லாட்ஜுக்கும் அதைக் கொடுத்தாலே போதும். முழுதும் தந்தால்தான் லொக்கேஷன் அனுப்புவேன் என்று கொஞ்சம் முரண்டு பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். வாட்ஸ்அப்பில் ஊர் பேர் தெரியாத ஆளுக்குத் தன் ஆதார் நம்பரைக் கொடுக்காததில் டீச்சருக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு செக் இன் என்று பேச்சு. ஒரு மணிக்கு போன் வந்தது. போன பார்ட்டி லேட்டாகக் காலி செய்தார்கள், கிளீனிங் நடக்கிறது, ஆறு மணிக்கு வாருங்கள். லொக்கேஷனையும் சாயங்காலம்தான் அனுப்பினார். எனக்கு இதில்தான் மொத்தத் திட்டமும் இருப்பதாகத் தோன்றுகிறது. சனிக்கிழமை சாயங்காலம் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவான்மியூரைத் தாண்டி, நீலாங்கரையில் ஊர்ந்து, உத்தண்டி டோல்கேட்டில் நின்று, முட்டுக்காடு பாலம் ஏறும்போதே இருட்டிவிட்டது. கையில் பை, வயிற்றில் பசி, அந்த நேரத்தில் வேறு எங்கேயும் ரூம் காலி கிடையாது. அப்போது எந்த வீட்டைக் காட்டினாலும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

காட்டிய வீடு கடல் பக்கமே இல்லை. அந்த ரோட்டில் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். எங்களுக்குக் கிடைத்தது மேற்குப் பக்கம், சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு சந்துக்குள். பின்வாசலைத் திறந்தால் மதில் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கழித் தண்ணீர், கொசு. நீச்சல் குளம் என்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட், ஒரு ஏசி ஓடவில்லை. கட்டில் மெத்தையில் போட்டிருந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஏற்கெனவே மூன்று நான்கு பழுப்புக் கறைகள். தோழி அதை உடனே போட்டோ எடுத்தாள். வகுப்பில் பையன்கள் பெஞ்சில் கிறுக்கியதை முதல் நாளே குறித்துவைக்கும் வழக்கமாம். பின்னால் அந்த போட்டோவுக்கும் வேலை வந்தது.

போன் போட்டால் மேனேஜர் எடுக்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எனக்குச் சம்பளம் குடுக்கிறவரு வேறம்மா, உங்களுக்கு புக் பண்ணி விட்டவரு வேற. அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல." வீட்டு ஓனர் வெளியூரில் இருக்கிறார். ஒரு புரோக்கர் மாதக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். அவரிடமிருந்து வார இறுதிகளை மட்டும் இந்த மேனேஜர் வாங்கி விற்கிறார். யாரைப் பிடித்துக் கேட்டாலும் அடுத்த ஆளைக் கைகாட்டுவார்கள். அந்தப் பெரியவரிடம் கத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் தனக்கு வைத்திருந்த கொசுவத்திச் சுருளை எங்களுக்குக் கொடுத்தார்.

மீதி 4,500-ஐக் கட்டினால்தான் ஜெனரேட்டர் போடச் சொல்லியிருப்பதாக அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். கட்டினோம்.

கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டோம். ரோட்டைக் கடந்து எதிர்ச் சந்தில் போனால் ஒரு இரும்பு கேட், பக்கத்தில் ஒரு பையன். "பிரைவேட் பீச் மேடம், ஒரு ஆளுக்கு 300." அந்தப் பையனுக்கும் மேனேஜருக்கும் என்ன உறவோ தெரியாது, ஆனால் எங்கள் பெயரில் புக்கிங் இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தோழி அன்றைக்குக் காட்டிய கோபத்தை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. கடற்கரை யாருடைய சொந்த நிலமும் இல்லை, அரசுப் புறம்போக்கு. அலை வந்து போகிற மணலுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது. தன் மதிலுக்குள்ளே வழி விடமாட்டேன் என்று ஒருவர் சொல்லலாம், கடலே என்னுடையது என்று சொல்ல முடியாது. அந்தப் பையனுக்குக் காசு கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

விடிந்ததும் பக்கத்துக் குப்பம் வழியாகப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வழி கேட்டு, கேட் கதையைச் சொன்னதும் சிரித்தார். "கடலுக்கு எவன் பூட்டுப் போட்டான்? இப்டிக்கா நேரா போ கண்ணு. முட்டிக்கு மேல எறங்காத, தண்ணி இழுக்குது." இதை வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தீவுத் தண்ணீரில் இடுப்பளவுக்கு நடந்து பழகியவள் அதே தைரியத்தில் இங்கேயும் இறங்கப் பார்த்தாள். நம் கரையில் நாலடி தள்ளியே தரை சரிந்துவிடும், திரும்பும் அலை காலடி மணலை வாரிக்கொண்டு போகும். இரண்டாவது அலையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றபடி அந்தக் காலை நேரம் நன்றாக இருந்தது. அதற்கு அந்த வீட்டில் தங்கியிருக்கவே வேண்டாம்.

பதினொரு மணிக்கு செக் அவுட். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்ன டெபாசிட் வரவில்லை, பதிலுக்கு ஒரு பட்டியல் வந்தது. குளத்தில் மணல், சுத்தம் செய்ய 2,000. பெட்ஷீட் கறை 1,500. லேட் செக் அவுட் 1,500. உடைந்த கண்ணாடி டம்ளர் 1,000. ஏசி ஓடிய யூனிட் கணக்கு 1,200. மொத்தம் 8,200 பிடித்தம், மீதி 1,800.

பீச் ஹவுஸில் மணல் வந்ததற்கு அபராதம்! அந்தக் குளத்தில் நாங்கள் கால்கூட வைக்கவில்லை. ஓடாத ஏசிக்கு யூனிட் கணக்கு வேறு.

ஆனால் டீச்சரின் கண் போனது வேறு இடத்துக்கு. "ஏய், கூட்டல் தப்புடீ. 7,200 தானே வருது?" மேனேஜருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள், ஐந்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வது போல ஒவ்வொரு எண்ணாக. "சிஸ்டம் டோட்டல் மேடம்" என்று பதில். அவள் விடவில்லை. கறை போட்டோவையும், அதை எடுத்த நேரத்தையும் சேர்த்து அனுப்பினாள். சாயங்காலம் முதலில் 1,800 வந்தது, ராத்திரி இன்னொரு 1,000 வந்தது. கூடவே ஒரு வரி: "ரிவ்யூ எதுவும் போட வேண்டாம் மேடம்." அதன்பின் எங்கள் இருவர் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். ஆக, கூட்டல் பிழைக்கு மட்டும் நியாயம் கிடைத்தது.

அவள் ஆத்திரத்துக்குக் காரணம் பணம் மட்டுமில்லை. அவள் இருக்கும் நாட்டில் நாலு ரூம் வைத்து கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்கூட சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணியிடம் வாங்கும் பச்சை வரி (கிரீன் டாக்ஸ்) பில்லில் தனியாக இருக்கும். கேள்வி கேட்க ஒரு பெயரும் முகவரியும் இருக்கும். இங்கே எங்களிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் டிபி. மாலத்தீவுப் பணமான ருஃபியாவில் சம்பளம் வாங்கி, அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப அவள் படும் பாட்டைத் தெரிந்தவள் என்பதால் எனக்கும் வயிறு எரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பணம் போய், வீடே இல்லை என்று தெரிந்தால் யோசிக்காமல் உடனே 1930-க்கு அடியுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியே போகும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்களைப் போல வீடு கிடைத்து, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையான தொகைக்கு அங்கே கட்டணமே கிடையாது, ஆன்லைனிலும் மனுப் போடலாம். நாங்கள் 1915-ல் பதிந்திருக்கிறோம். சிக்கல் எங்கே என்றால், எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். பில் கிடையாது, ரசீது கிடையாது, கையில் இருப்பது 'அக்கவுன்டன்ட்' பெயர் மட்டும். அதை வைத்துத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். ஆகவே பணம் போடுவதற்கு முன்பே, பில் யார் பெயரில் வரும், வீட்டு முகவரி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி. டெபாசிட்டை வாசலில், வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு கொடுப்பதுதான் முறை. நேர்மையாக நடத்துபவர்கள் இதற்கு மறுப்பதில்லை. அதே ரோட்டில் என் அத்தை குடும்பம் வருஷா வருஷம் தங்கும் வீட்டில் அப்படித்தான் வாங்குகிறார்கள், கிளம்பும்போது கையிலேயே திருப்பித் தருகிறார்கள். இருட்டிய பிறகுதான் சாவி என்று சொல்லும் இடத்துக்கு மட்டும் போகவே போகாதீர்கள்.

விளம்பரப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள் தோழி. அந்த நீச்சல் குளம் மகாராஷ்டிராவில் அலிபாக் பக்கம் இருக்கும் ஏதோ ஒரு வில்லாவுடையது. இப்போது அதே படங்கள் வேறு பெயரில், வேறு நம்பரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீல டைல்ஸ் குளம், கரையில் பிரம்பு ஊஞ்சல், கடலுக்கு ஓரமாக ஒரு மலை. கூடவே புதிதாக ஒரு படம் சேர்த்திருக்கிறார்கள், 'ஈசிஆரில் எங்கள் வில்லாவிலிருந்து கடலில் சூரிய அஸ்தமனம்' என்று. வங்காள விரிகுடாவில் சூரியன் மறைகிறதாம். அந்த விளம்பரம் கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடித்துவிட்டு, தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.