'ஆர்எக்ஸ் 580' என்று சொல்லிக் கொடுக்கும் கார்டு: காசு கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய கம்ப்யூட்டரில் கேம் ஆட 7,000, 8,000 ரூபாய்க்குள் செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ஏஎம்டி கம்பெனியின் 'ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி' கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லி என் தம்பி தலையில் வேறு கார்டைக் கட்டிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. அந்தத் தெருவில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே சமயம் இந்தக் கார்டு ஆன்லைனிலும் மற்ற ஊர்களிலும் இதே பேச்சோடு விற்கப்படுகிறது. ஒரு கடையை மட்டும் தவிர்த்தால் போதாது.

தம்பி காலேஜ் படித்துக்கொண்டே சாயங்காலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு இது. அவனிடம் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குப் பவர் தரும் பெட்டி). ஜிடிஏ 5 போன்ற கேம்களை 1080பி-யில் ஆட ஆர்எக்ஸ் 580 தாராளமாகப் போதும். அவன் விசாரித்துத்தான் போனான். "2304 கோர் இருக்கிற ஒரிஜினல் 580 தானே?" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். "ஆமா ப்ரோ, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாமா என்றதற்கு, டெஸ்ட் பண்ணுகிற மெஷினில் இன்டர்நெட் இல்லை என்று சொல்லி, மானிட்டரில் விண்டோஸ் திரை வந்ததை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதும் விஷயம் தெரிந்தது. ஷேடர்ஸ் என்ற கட்டத்தில், அதாவது கோர்களின் எண்ணிக்கையில், 2048. ஏஎம்டி 2017-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 580-இல் இருப்பது 2304. 2048 என்பது ஆர்எக்ஸ் 570-இன் கணக்கு. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று வந்தது. கிட்டத்தட்ட 570-ஐயே 580 என்ற பெயரில் விற்றார்கள். அந்தக் கார்டுகள்தான் இப்போது நம் ஊருக்கு வருகின்றன. பெயரில் இருந்த '2048எஸ்பி' வழியிலேயே காணாமல் போய்விடுகிறது.

வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது மட்டும் என்றால் கோபத்தோடு முடிந்திருக்கும். பெரிய தொல்லை அடுத்துதான் வந்தது. டிரைவரை அப்டேட் செய்த உடனே படம் மங்கி, எழுத்தெல்லாம் பெரிதாகிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் கார்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், 'Code 43' என்ற எரர். கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு முக்கியமான அடையாளம். கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்திரியம் என்ற கிரிப்டோ காசைச் சம்பாதிக்கும் மைனிங் நடந்த காலத்தில் இந்த வகைக் கார்டுகளின் மெமரியை வேகமாக ஓட்டுவதற்காக பயாஸைத் திருத்தினார்கள். 2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் அந்த முறையையே கைவிட்டது. அதுவரை ராத்திரி பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. திருத்திய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டால், "டிரைவர் அப்டேட் பண்ணாதீங்க ப்ரோ, பழசையே போட்டுக்கோங்க" என்கிறார்.

எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது வேறு. இந்தக் கார்டுக்கு 8 பின் பவர் கனெக்டர் வேண்டும். தம்பியின் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. கடையில் "இதைப் போட்டா போதும்" என்று ஒரு கேபிள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனையில் ஒற்றை சாட்டா (ஹார்டு டிஸ்க்குக்குப் பவர் தரும் கனெக்டர்), மறுமுனையில் 8 பின். கணக்கைப் பாருங்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட் பின்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்ப். மொத்தம் 54 வாட்தான் தாங்கும். 8 பின் என்பது 150 வாட் வரை இழுப்பதற்கானது. கொஞ்ச நேரம் கேம் ஆடியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்திருக்கிறது. நான் பார்த்தபோது சாட்டா முனையின் ஒரு ஓரம் பழுப்பாகி, ஒரு பின் இருந்த இடம் உருகி வளைந்திருந்தது. கேபிளைக் கழற்றவே சிரமப்பட்டோம். அது அம்மா தூங்கும் அறை. ராத்திரியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு கேபிள் போட்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, பில்லில் உள்ள 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற முத்திரையைக் காட்டினார்கள். இந்த முத்திரையைப் பார்த்து நிறையப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுக் காசு தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். 'பில் வேண்டாம்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்' என்று சொல்வார்கள், மயங்காதீர்கள். எங்கள் கையில் பில் இருந்தது. ஆனால் அதில் 'கிராபிக்ஸ் கார்டு 8ஜிபி' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மாடல் பெயர் இல்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்த பிறகு கடையிலிருந்தே போன் வந்தது. பதிலுக்கு என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு தருகிறோம் என்றார்கள். அதை எடுத்துப் பார்த்தால் பின்னால் நீல நிற விஜிஏ போர்ட். 1050 டிஐ-யில் உள்ள பாஸ்கல் வகை சிப்புக்கு, விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் வெளியீடே கிடையாது. அந்த போர்ட்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. இந்த முறை லேப்டாப்பையும் பென் டிரைவில் ஜிபியு-இசட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தோம். அவர்கள் மெஷினிலேயே ஓட்டச் சொன்னோம். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டும் வசதி அந்த மென்பொருளில் 2018 முதலே இருக்கிறது. 2010, 2011 காலத்துப் பழைய சிப்பில் பயாஸை மாற்றி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைப்பது ரொம்ப நாளாக நடக்கும் வேலை. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் கார்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். காசை மட்டும் இன்னும் தரவில்லை.

அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஜிபியு-இசட் திரையின் படம், உருகிய கேபிள், பில், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

நீங்கள் வாங்கப் போனால் கார்டின் முழு மாடல் பெயர், சீரியல் நம்பர், 580 என்றால் '2304' என்ற எண், இவை மூன்றும் பில்லில் வரவேண்டும். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். ஏற்கனவே ஏமாந்தவர்கள் பில்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது.