வாரநாள் விடியலா, சனி ஞாயிறா? துடுப்புப் பலகைப் போட்டியும் வீட்டுக் கணக்கும்

கோவளம் கடலில் ஒரு மணி நேரம் துடுப்பு போட எனக்கு மூன்றே கால் மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. திருவான்மியூரிலிருந்து போக முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி. மீதி, பலகையை இறக்குவதற்கும் உப்பைக் கழுவுவதற்கும் காரின் மேல் மறுபடி கட்டுவதற்கும் போய்விடும். பலகை மேல் நின்று துடுப்பு போடும் இந்த பேடில்போர்டு விளையாட்டின் பயிற்சித் திட்டங்கள் எல்லாம் தண்ணீரில் இருக்கும் நேரத்தை மட்டுமே எண்ணுகின்றன. வீட்டில் இருப்பவர்கள் வாசல் கதவு சாத்திய நிமிடத்திலிருந்து எண்ணுகிறார்கள். அவர்கள் கணக்குதான் சரி என்பது என் கட்சி. எனவே இங்கே எல்லாவற்றையும் அந்த அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

முதல் வழி, வாரத்தில் மூன்று விடியல். கடலைக் கேட்டால் இதற்குத்தான் வாக்களிக்கும். சென்னைக் கரையில் முற்பகலுக்குப் பிறகு நிலம் சூடேறி, கடற்காற்று கிளம்பி, நீர்ப்பரப்பு கலங்கிவிடும். ஐந்தரை மணிக்கு அதே கடல் தாம்பாளம்போல் கிடக்கும். எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. அலுவலகம் சிறுசேரியில். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக நேரே போய்விடலாம், வீடு திரும்பும் பயணமே மிச்சம். நான்கே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் குளித்து முடித்து நாற்காலியில் இருப்பேன். தாளில் எழுதிப் பார்த்தால் குறையே தெரியாது.

குறை வீட்டில் இருந்தது. ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான் எங்கள் வீட்டின் மிகக் கடினமான இரண்டு மணி நேரம். சோறு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், காணாமல்போன காலுறை, ஏழு இருபதுக்குப் பள்ளி வேன். வங்கிக்குக் கிளம்ப வேண்டிய என் மனைவி இதையெல்லாம் வாரத்தில் மூன்று நாள் தனியாகச் செய்துகொண்டிருந்தாள். நான்கு மாதம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் வகுப்பு படிக்கும் மகள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள்: "நீங்கள் கடலுக்குப் போகும் நாளெல்லாம் எனக்கு ஒற்றைச் சடைதான் அப்பா." இரட்டைச் சடை பின்ன அந்தக் காலைகளில் நேரம் கிடையாது.

தூக்கமும் ஒரு செலவு. அலுவலகத்தின் அமெரிக்க அணியுடனான பேச்சு இரவு பத்துக்கு முன் முடியாது. தூக்கம் குறைந்தால் இந்த விளையாட்டில் கைவலுவுக்கு முன்னால் சமநிலைதான் போகிறது. இரண்டாவது வாரமே, சலனமில்லாத நீரில் முழங்கால் நடுங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, விடியல் என்பது பன்னிரண்டு மாதச் சரக்கு அல்ல. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். கரையோரம் நீர் கண்ணாடியாகத்தான் இருக்கும், ஆனால் நிற்கும் உடம்பே பாயாக மாறி நம்மைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அந்த மாதங்களில் கரையை ஒட்டி வடக்கு தெற்காகத்தான் போகவேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பல வாரங்களை மொத்தமாக விழுங்கிவிடும். முட்டுக்காட்டு உப்பங்கழி கைகொடுக்கும்தான். பெருமழைக்குப் பின் முகத்துவாரம் திறந்து நீரைக் கடலுக்கு இழுக்கும் நாட்களில் அங்கும் இறங்கக் கூடாது.

இரண்டாவது வழி, சனி ஞாயிறு மட்டும். வாரநாள் காலைகள் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் துடுப்பு போடலாம். ஆனால் தை பிறந்தால் ஞாயிறுகளை முகூர்த்தங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஆறாம் நாள் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதில் என் வலது தோள் இரண்டு மாதம் பேசாமல் இருந்தது. வாரநாளில் பால்கனியில் ரப்பர் பட்டையை இருபது நிமிடம் இழுத்தால் வலு நிற்கிறது. துடுப்பின் இலை தண்ணீரைக் கவ்விப் பிடிக்கும் அந்த உணர்வு மட்டும் நிற்பதில்லை. சனிக்கிழமை முதல் அரை மணி அதைத் தேடுவதிலேயே கழிகிறது.

மாலைப் பயிற்சி எனக்கு ஒத்துவராது, அலுவலகம் விடாது. குடும்பத்தோடு கடற்கரை என்ற யோசனை கேட்க இனிக்கும். நடைமுறையில் என் மனைவி மூன்று மணி நேரம் வெயிலில் பைகளுக்குக் காவல் இருந்தாள். அதைக் குடும்ப நேரம் என்று எழுதிக்கொள்வது கள்ளக்கணக்கு.

இந்த வழிகளை ஒப்பிட்டு ஒரு வருடம் கழிந்த பிறகுதான், வேறொரு தேர்வை முதலில் செய்திருக்க வேண்டும் என்று புரிந்தது. எந்தப் பந்தயம்? உலகச் சாம்பியன்ஷிப்களில் 200 மீட்டர் விரைவோட்டம், மிதவைகளைச் சுற்றித் திரும்பும் நுட்பப் பந்தயம், நீண்டதூரம் என்று மூன்று வகை உண்டு. விரைவோட்டத்தை உச்ச வீரர்கள் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நீண்டதூரம் 15 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. அதற்கும் மேலே, ஹவாயில் மொலோகாயிலிருந்து ஓவாஹுவுக்கு ஏறக்குறைய 52 கிலோமீட்டர், நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் ஐந்து நாளில் 220 கிலோமீட்டர். இவற்றைக் காணொளியில் பார்த்து மயங்கித்தான் நானும் நீண்டதூரம் என்று கிளம்பினேன்.

நீண்டதூரத்துக்குத் தண்ணீரில் மணிக்கணக்கு வேண்டும், அதைச் சுருக்க வழியில்லை. விரைவோட்டத்துக்கும் திரும்பல்களுக்கும் முறையாகச் செய்தால் நாற்பது நிமிடமே உடம்பைப் பிழிந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் தயங்காமல் இதையே சொல்வேன். வீரம் குறைவு என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தேசிய அளவில் பலமுறை வென்ற சேகர் பச்சை போன்றவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. கரையில் வளர்ந்த இளைஞர்களுக்கு வாசலிலிருந்து தண்ணீர் இரண்டு நிமிடம் என்று ஒருகாலத்தில் பொறாமைப்பட்டதுண்டு. பிறகு கவனித்தேன். படகுக்குப் போகிறவருக்கு விடியல்தான் வருமானம். அலைச்சறுக்கு கற்றுத் தருகிறவருக்கும் மாணவர்கள் வருவது அதே நல்ல நீர் நேரத்தில்தான். அவர்களும் பிழைப்பிலிருந்துதான் பயிற்சியைக் கிள்ளி எடுக்கிறார்கள்.

பலகை விஷயம் சுருக்கமாக. போட்டிக்குரிய பதினான்கு அடிக் கெட்டிப் பலகை, அதாவது 4.27 மீட்டர், எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் நுழையாது. காற்றடைக்கும் பலகை பைக்குள் அடங்கும், ஆனால் இருட்டில் பத்து நிமிடம் பம்பு அடிக்கவேண்டும், வேகமும் குறைவு. இப்போது கெட்டிப் பலகை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்துக் கரையிலேயே வைத்திருக்கிறேன். கட்டி அவிழ்க்கும் இருபத்தைந்து நிமிடம் மிச்சம். இந்த விளையாட்டில் நான் செய்த செலவுகளில் வீட்டில் யாரும் கேள்வி கேட்காதது இது ஒன்றுதான்.

இந்த வருட ஏற்பாடு: செவ்வாய், வியாழன் விடியல், தண்ணீரில் நாற்பது நிமிடம், 200 மீட்டரும் திரும்பலும் மட்டும். மற்ற மூன்று நாளும் சடை பின்னுவது என் பொறுப்பு. இரட்டைச் சடை ஓரளவு கைவந்துவிட்டது, வகிடுதான் இன்னும் கோணல். சனிக்கிழமை காலை மனைவியின் வீணை வகுப்புக்கு, அதில் நான் கைவைக்க முடியாது. சொந்தமாகப் பதினான்கு அடிப் பலகை வாங்கும் மனு, மகள் ஆறாம் வகுப்பு போகும்வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.