ஒத்தைக்கு ஒத்தை போக்கர்: என்பிசி கோப்பையா, உலகத் தொடரின் காப்பா?

இரண்டு மாதமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் நானும் தம்பியும் பழைய போக்கர் சீட்டாட்ட ஒளிபரப்புகளோடு உட்கார்ந்துவிடுகிறோம், அதிலும் இருவர் மட்டும் மோதும் ஒத்தைக்கு ஒத்தை (ஹெட்ஸ்-அப்) ஆட்டங்கள் மட்டும். எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் சண்டை. உலகப் போக்கர் தொடரின் ஹெட்ஸ்-அப் போட்டி என்றான் அவன். அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசி காட்டிய தேசிய ஹெட்ஸ்-அப் சாம்பியன்ஷிப் என்றேன் நான். ரிமோட் என் கையில் இருந்தது.

ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். பந்தயத்துக்கு வரம்பில்லாத ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு வைத்து ஆடும் போக்கர் வகை), நாக் அவுட், லாஸ் வேகாஸ். இருவர் மட்டும் என்பதால் நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கவேண்டிய பிளைண்ட் பணமே ஆளைத் தின்றுவிடும். சுமாரான சீட்டோடும் மோதியே ஆகவேண்டும்.

வேறுபடுவது யார் உட்காரலாம் என்பதில். உலகத் தொடரில் பணம் கட்டும் எவரும் ஆடலாம். 2008-இல் நுழைவு 10,000 டாலர், வென்றவர் கென்னி டிரான். 2011-இல் அதை 25,000 ஆக்கினார்கள். அப்படியும் 128 பேர் வந்தார்கள், பிரிட்டன்காரர் ஜேக் கோடி ஜெயித்தார். 2018-இல் ஜஸ்டின் போனோமோ. வென்றால் பணத்தோடு கைக்காப்பும் உண்டு, சூதாடிகளுக்கு அது பரம்பரை நகை மாதிரி. ஆட்டத் தரத்தில் இதுதான் ஒரு படி மேலே என்று நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்லமாட்டேன். என்பிசியில் நாம் பார்ப்பது வெட்டி ஒட்டிய ஒளிபரப்பு, சாதாரண கைகள் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) எல்லாம் கத்தரிக்குப் போய்விடுகின்றன. நானும் பணம் வைத்து ஆடியவனில்லை.

அப்புறம் ஏன் என்பிசி? அங்கே 64 பேர்தான், பெரும்பாலும் அழைப்பின் பேரில் வந்த பிரபலங்கள். 2005-இல் கோல்டன் நக்கெட்டில் தொடங்கி மறு ஆண்டே சீசர்ஸ் பேலஸுக்குப் போனார்கள். ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என நாலு பிரிவு. ஐந்து சுற்று தாண்டினால் இறுதி, அது மட்டும் மூன்றில் இரண்டு. தொடக்கத்தில் நுழைவு 20,000 டாலர், முதல் பரிசு 5 லட்சம்.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது பரிசுத்தொகை அல்ல. தோற்றவர் மறுபடி வருவது. ஏறக்குறைய அதே முகங்கள் ஆண்டுதோறும் வருவதால் பழைய கணக்கு தீராமல் நீள்கிறது. தொப்பியும் நீள்முடியுமாக வரும் கிறிஸ் ஃபெர்குசன் 2005 இறுதியில் ஃபில் ஹெல்முத்திடம் தோற்றார். 2006-லும் இறுதி, இந்த முறை டெட் ஃபாரஸ்ட்டிடம். 2008-இல் ஆண்டி பிளாக்கை வீழ்த்தி ஒருவழியாக வென்றார். வரிசையாகப் பார்த்துவந்தவருக்குத்தான் அந்தக் கடைசிக் கையின் கனம் தெரியும். எரிக் சைடலும் அப்படியே: 2010 இறுதியில் ஆனி டியூக்கிடம் தோல்வி, 2011-இல் கிறிஸ் மணிமேக்கரை வென்று 7.5 லட்சம். டியூக்தான் இதை வென்ற முதல் பெண். அதற்கு முந்தைய ஆண்டு வனெஸா ரூஸோ இறுதிவரை வந்து ஹக் சீடிடம் விட்டிருந்தார். உலகத் தொடரிலோ 2009-இல் லியோ வோல்பர்ட், 2010-இல் அயாஸ் மஹ்மூத் என்று ஒவ்வோர் ஆண்டும் புது ஆளை முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது அவர்கள் குறையில்லை, திறந்த கதவின் இயல்பு.

தம்பி விடவில்லை. “உன் போட்டிதான் செத்துப்போச்சே” என்றான். சரிதான். சைடல் வென்ற அடுத்த மாதமே, 2011 ஏப்ரல் 15 அன்று, பெரிய இணையப் போக்கர் தளங்கள் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. போக்கர் நிகழ்ச்சிகள் ஓடியதே அந்தத் தளங்களின் விளம்பரப் பணத்தில். 2012-இல் போட்டியே இல்லை. 2013-இல் ஒரே ஒரு முறை திரும்ப வந்தது, அத்தோடு சரி. ஆடுபவர் கட்டும் பணத்தில் ஓடும் உலகத் தொடருக்கு அந்த ஆபத்து குறைவு.

ஆனாலும் அந்த 2013 இறுதியை அவனும் எழுந்து போகாமல் பார்த்தான். மைக் மட்டுசோ வென்றார். எதிரே உட்கார்ந்து தோற்றவர், 2005-இன் முதல் சாம்பியன் ஹெல்முத்.