பலகாரக் கடை போனுக்கு ஒரு பேட்டரி: ஏழு மாச அனுபவம்

கோட்டையூரில் எங்கள் பலகாரக் கடைக்கு வரும் ஆர்டரில் பாதி இன்னும் லேண்ட்லைனில்தான் வருகிறது. பினாங்கிலிருந்து பேசும் ஆச்சிகளிடம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றால் கேட்கமாட்டார்கள். அத்தை காலத்து நம்பர் அவர்கள் டைரியில் இருக்கிறது. அதில் கூப்பிட்டு, கைமுறுக்கு அஞ்சு சுத்தா ஏழு சுத்தா என்று நேராகப் பேசி முடிவு செய்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

போன ஐப்பசியில் ஒரு நாள் கரண்டு இல்லை. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் வேலை பார்க்கும் பெண் பொட்டுக்கடலை அரைக்க மிக்ஸியை இன்வெர்ட்டர் பாயிண்டில் சொருகிவிட்டாள். இன்வெர்ட்டர் ரெண்டு தடவை கத்திவிட்டு நின்றது, முகப்பில் இருந்த போனும் கூடவே போனது. தீபாவளி வேலை மும்முரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. சாயந்திரம் செல்லில் ஒரு ஆச்சி பிடித்தார். "காலையிலேருந்து அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேங்கிறீக. தேவகோட்டையில சொல்லிப்பிட்டேன்." அறுபதாங்கல்யாணத்து ஆர்டர். மாவுருண்டை மட்டும் நானூறு.

அத்தைக்குப் புரியவே இல்லை. "கறுப்பு போன் இருந்தப்ப கரண்டு போனாலும் மணி அடிக்குமே?" நியாயமான கேள்விதான். அந்த போனுக்கு வேண்டிய கரண்டு செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் ரெண்டு வோல்ட் செல் 24 வரிசையாக நிற்கும், அதற்கு மேல் ஜெனரேட்டரும் உண்டு. நம் வீட்டில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது போனுக்குத் தெரியவே தெரியாது. இப்போது வருவது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் வரும், கரண்டு வராது. சுவரில் மாட்டிய மோடம் பெட்டிக்கு நாம் 12 வோல்ட் கொடுத்தால்தான் அது போனுக்கு மணியடிக்கும்.

முதலில் ஆன்லைனில் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கினேன். 10,400 எம்ஏஎச், அதாவது 10.4 ஏஎச் (ஆம்பியர் அவர்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு நாள் முழுக்கத் தாங்கும் என்று நினைத்தேன். மூன்று மணி இருபது நிமிஷத்தில் அணைந்தது. அந்தக் கணக்கு 3.7 வோல்ட் செல்லுக்கு. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 38 வாட் அவர்தான், அதை 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சேதாரமும் போகும். இந்த விவரத்தை அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில்கூடப் போடவில்லை. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் கரண்டு போகிற ஊருக்கு அது போதும். எங்களுக்கு மாசத்தில் ஒரு நாள் பராமரிப்பு ஷட்டவுன் என்றால் காலை 9 மணிக்குப் போய் சாயந்திரம் 5 மணிக்கு வரும்.

அதற்குப் பிறகுதான் காரைக்குடியில் ஒரு சின்ன பேட்டரி கடைக்குப் போனேன். பேட்டரிக்கு இந்த ஊரில் ஆளா இல்லை? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948ல் அடிக்கல் நாட்டி 1953ல் திறந்த சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கேதானே இருக்கிறது! கடைத் தம்பி சிக்ரி வாசலில் டீ குடித்ததோடு சரி என்று சிரித்தார். ஆனால் கை சுத்தமான வேலைக்காரர். நான் கேட்டதும் பேட்டரியை எடுத்து நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து, மோடம் வயரில் மீட்டரைப் போட்டுப் பார்த்தார். அடாப்டரில் 1.5 ஆம்பியர் என்று இருந்தாலும் மோடம் இழுத்தது 0.7தான்.

"அக்கா, 7 ஏஎச் போட்டா அஞ்சு மணி வரைக்கும் இழுத்துப் பிடிச்சு ஓடும். ஆனா மாசாமாசம் அடிமட்டம் வரைக்கும் இறக்குனா ஆயுசு குறைஞ்சிரும். 12 ஏஎச் போடுங்க, பாதியோட நிக்கும்" என்றார். அப்படியே போட்டோம். தண்ணி ஊற்ற வேண்டாத மூடிய பேட்டரி, 13.7 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர், மோடத்துக்குச் சரியாக 12 வோல்ட் மட்டும் அனுப்பும் ஒரு சின்ன போர்டு, 3 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி 10.8 வோல்ட்டுக்கு இறங்கினால் தானாகத் துண்டிக்கும் ரிலே. எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். போனுக்குத் தவிர வேறெதற்கும் கரண்டு கொடுக்காது. மிக்ஸி சொருக அதில் ஓட்டையே இல்லை, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

வைக்கும் இடத்துக்குத்தான் கொஞ்சம் சண்டை. அடுப்படிப் பரணில் வைத்தால் கண்ணில் படாது என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுசு பாதியாகுமாம். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் இடம் அது. கடைசியில் முகப்பை ஒட்டிய கணக்கறையில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு மணைக்கட்டை போட்டு வைத்தோம். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை ஜில்லென்று இருக்கும். போகிற போக்கில் இன்வெர்ட்டர் பேட்டரியையும் பார்த்து, அடுப்படி வாசல் பக்கம் இருந்ததை நடைக்கு மாற்றச் சொன்னார். தண்ணி ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும், பக்கத்தில் தீ ஆகாது. விற்றவர் இதைச் சொல்லவே இல்லை.

பின்கட்டில் வைத்திருந்த கம்பியில்லா போனையும் எடுத்துவிட்டோம். அதன் அடித்தட்டுக்குத் தனிக் கரண்டு வேண்டும். கம்பி போனுக்கு மோடம் அனுப்புவதே போதும். நூற்றைம்பது ரூபாய் வயரில் பின்கட்டுக்கு ஒரு இணைப்பு இழுத்தாயிற்று.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்ற தம்பி திங்கள்கிழமை வந்தார், அதுவும் முகூர்த்த நாள். பில் கேட்டதும் முகம் சுருங்கியது. பேட்டரிக்கு வாரண்டி வேண்டும் என்று நின்று எழுதி வாங்கினேன், நீங்களும் விடாதீர்கள். சார்ஜரின் பச்சை விளக்கு ராத்திரியில் கண்ணைக் குத்துகிறது, அத்தை அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

மற்றபடி ஏழு மாசத்தில் ஐந்து முழுநாள் ஷட்டவுன் பார்த்தாயிற்று. கடைசித் தடவை அஞ்சு மணிக்கு நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.0 வோல்ட் இருந்தது, துண்டிக்கும் 10.8க்கு இன்னும் இறங்கவில்லை.

ஆனால் அந்த ஐந்தில் ரெண்டு தடவை பேட்டரி நன்றாக இருந்தும் போன் பேசவில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு. தெரு முனையில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்டர்நெட் லைன்காரர் ஒரு பெட்டி வைத்திருக்கிறார், அதிலிருந்துதான் எங்கள் தெருவுக்கு இழை பிரிகிறது. அந்த ரெண்டு நாளும் பெட்டியின் பேட்டரி மதியம் ஒரு மணியைத் தாண்டவில்லை. நம் வீட்டில் எவ்வளவு செலவழித்தாலும் அங்கே போய் முட்டி நிற்கிறது. புதுசு போட்டுத் தருகிறேன் என்று மாசியில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு சீப்புச் சீடை ரெண்டு கிலோ போயிருக்கிறது. பேட்டரி இன்னும் வரவில்லை.