காற்றில் ஈயமா, காட்மியமா? மரத்து லைக்கன், பை லைக்கன், பைப் பாசி: எது எதற்கு?

ஓர் ஆலையைச் சுற்றி எவ்வளவு உலோகம் காற்றிலிருந்து விழுகிறது என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு. அங்கேயே மரப்பட்டையில் வளர்ந்த லைக்கனை (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர்) எடுக்கலாம். மாசில்லாத காட்டு லைக்கனைக் கொண்டுவந்து வலைப் பையில் தொங்கவிடலாம். அதே பையில் பாசியை (ஆங்கிலத்தில் மாஸ் எனப்படும் சிறு பச்சைத் தாவரம்) வைக்கலாம். உலோகம் உள்ளே எங்கே தங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் ஏமாற்றிவிடும்.

லைக்கனுக்கு வேரும் இல்லை, மெழுகுத் தோலும் இல்லை. மழை, பனி, தூசி எல்லாவற்றையும் உடம்பு முழுவதாலும் வாங்கிக்கொள்ளும். (குருமாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான்.) வந்த உலோகம் பூஞ்சை இழைகளுக்கு நடுவே துகளாகச் சிக்கும், செல்சுவரின் கார்பாக்சில் குழுக்களில் அயனியாக ஒட்டும், கொஞ்சம் செல்லுக்குள்ளும் போகும். ஒட்டுவது நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், உள்ளே போவது மெதுவாக நடக்கும்.

ஒட்டியது கழன்றும் வரும். அமில மழையின் ஹைட்ரஜன் அயனிகள் அதை இடம்பெயர்க்கும். ஈயமும் தாமிரமும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகமும் காட்மியமும் எளிதில் விட்டுப்போகும். துகள்களைக் காற்றும் கனமழையும் அடித்துச் செல்லும். ஆக, லைக்கன் காட்டுவது சேர்ந்ததற்கும் இழந்ததற்கும் நடுவிலான இருப்பை மட்டுமே.

எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் நீரில் அலசல். அடுத்து 20 மில்லிமோலார் சோடியம் இடிடிஏ (உலோக அயனிகளைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் குலுக்கல்; செல்சுவரில் ஒட்டியது இதில் வரும். பிறகு ஓர் இரவு 80 டிகிரியில் உலர்த்திச் செல் சவ்வை உடைத்து, 1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தல்; செல்லுக்குள் இருந்தது இதில் வரும். மீதியை அடர் அமிலத்தில் செரித்தல். வரிசை மாறி முதலிலேயே சூட்டில் உலர்த்தினால் செல்லுக்குள் இருந்ததும் வெளியில் இருந்ததாகக் கணக்காகிவிடும். அதனால் இடிடிஏ கரைசலில், பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கும் பொட்டாசியத்தையும் அளக்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் சவ்வு முன்பே கிழிந்துவிட்டது என்று பொருள்.

மரத்து லைக்கனுக்குக் காத்திருப்பும் இல்லை, செலவும் குறைவு. மாசு எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பரவியது என்ற கேள்விக்கு இதுவே போதும். 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசப் பரவலை அப்பகுதி லைக்கனையும் பாசியையும் வைத்துத்தான் ஆய்ந்தார்கள்; முடிவு 2003-இல் வெளிவந்தது. பாதரசத்துக்கான மாதிரியை 40 டிகிரிக்கு மேல் உலர்த்தக் கூடாது, ஆவியாகிப் போய்விடும். இலை வடிவ லைக்கனில் ஓரத்து 3-4 மில்லிமீட்டர் மட்டும் போதும், அதுதான் அண்மைக்கால வளர்ச்சி. எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் சேர்த்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் கத்தி நல்லது. மண் தூசி தெறிக்காதபடி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே எடுக்க வேண்டும்; அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் அளந்தால் மண்ணின் பங்கு தெரியும். ஆனால் கந்தக டை ஆக்சைடு அதிகமுள்ள இடத்தில் பெரும்பாலான லைக்கன்கள் வளராது. மோசமான இடத்திலேயே மாதிரி கிடைக்காமல் போகும்.

ஆலை இயங்கும்போது எவ்வளவு விழுகிறது என்பதே கேள்வி என்றால், நம் பரிந்துரை பை லைக்கன். தொடக்க நாள் கையில் இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் சூடெவெர்னியா ஃபர்ஃபுரேசியா, எவெர்னியா புருனாஸ்ட்ரி என்ற இரண்டு லைக்கன் இனங்களைப் பயன்படுத்துகிறார்கள். பட்டைத் துணுக்குகளை நீக்கி, சில நொடிகள் மட்டும் தூய நீரில் அலசி, நைலான் வலையில் தளர்வாக நிரப்பி, இடத்துக்கு மூன்று பைகளாவது கட்ட வேண்டும். மூன்று மாதம் வழக்கமான காலம். தொங்கவிடாத ஒரு பங்கைக் கட்டாயம் எடுத்து வைக்க வேண்டும். தொங்கியதில் உள்ள அளவை இதனால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 0.75 முதல் 1.25 வரை இயல்பு, 1.75-ஐத் தாண்டினால் கடும் சேர்க்கை. 0.75-க்குக் கீழே வந்தால் பதற வேண்டாம்: கொண்டுவந்த லைக்கனில் ஏற்கெனவே அந்த உலோகம் இருந்து, இங்கே மழையில் கழன்றிருக்கலாம். கூரையடியில் கட்டிய பையையும் வெட்டவெளிப் பையையும் ஒப்பிடவே கூடாது. கழற்றுவதற்கு முந்தைய வார மழையையும் குறித்து வைக்க வேண்டும்.

பாசிப் பை 1971-இல் வேல்ஸின் சுவான்சி பள்ளத்தாக்கு ஆய்வில் அறிமுகமானது. ஸ்பேக்னம் பாசியின் இலை ஒரே செல் தடிமன், பரப்பு மிக அதிகம். அதனால் அருகருகே கட்டிப் பார்த்தால் பெரும்பாலான தனிமங்களைப் பாசியே கூடுதலாகச் சேர்க்கிறது. அமிலத்தில் அலசி, சூட்டில் கொன்றுவிட்டால் பைக்குப் பை வேறுபாடும் குறையும். நகரத்தில் தெருவுக்கொரு பை கட்டுவதானால் இதுதான் சரி. ஆனால் நீண்ட வறட்சியில் காய்ந்துவிட்டால் அயனி ஒட்டுவது நின்று, தூசி பிடிப்பது மட்டும் மிஞ்சும்.

மூன்றிலும் கிடைப்பது உலர் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண். சதுர மீட்டருக்கு எவ்வளவு விழுந்தது என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்திலேயே மழையையும் தூசியையும் சேகரிக்கும் கலம் ஒன்றை வைத்தாக வேண்டும்.