பதினெட்டு முட்டை: மரினர்ஸ் அணியோடு பன்னிரண்டு சீசன்

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுரைத் தம்பி ஒருவர் கேட்டார். "அண்ணே, மரினர்ஸ் சீசன் டிக்கெட் எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க ரொம்ப வருஷமா பாக்குறீங்களாமே. எடுக்கலாமா?"

மரினர்ஸ் எங்கள் சியாட்டில் நகரத்தின் பேஸ்பால் அணி. அவர் இந்த ஊருக்கு வந்தது 2025 செப்டம்பரில். வந்த மாதமே அணியின் கால் ராலி அந்த சீசனின் 60ஆவது ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தார். அதே இரவில் அணி 2001-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் டிவிஷனை, அதாவது லீக்கில் தன் பிரிவை, வென்றது. அப்படி ஒரு மாதத்தில் வந்து இறங்கியவருக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால் என் பன்னிரண்டு சீசனை நினைத்தால் எடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். பேஸ்பால் விதிகள் அவருக்குத் தெரியும், அதனால் அதற்குள் போகவில்லை.

நான் உள்ளே வந்த கதை 2014இல் தொடங்குகிறது. அந்த வருடம் கடைசி நாள் வரை அணி பிளேஆஃப் வாய்ப்போடு இருந்தது. செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஜெயிக்க வேண்டும், ஓக்லண்ட் தோற்க வேண்டும். எங்கள் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ். அப்போதெல்லாம் அவர் வீசும் நாளில் மைதானத்தின் ஒரு பகுதியை 'கிங்ஸ் கோர்ட்' என்று ஒதுக்கி, அங்கே உட்காருபவர்களுக்கு மஞ்சள் சட்டையும், ஸ்ட்ரைக்அவுட்டை (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) குறிக்கும் 'கே' என்று எழுதிய அட்டையும் கொடுப்பார்கள். நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால் நானும் மஞ்சள் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதி ஆட்டத்தில், டெக்சஸில் ஓக்லண்ட் ஜெயித்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்கள் சீசன் அதோடு முடிந்தது. மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து போய் ஃபீலிக்ஸை வெளியே அனுப்பினார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அவரும் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். தோல்வி என்றால் டிவியை அணைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழக்கம். வாய்ப்பு போய்விட்டது என்று தெரிந்த அதே நிமிடத்தில் ஒரு மனிதருக்காக நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றது என்னை அசைத்துவிட்டது. அன்றிலிருந்து இது என் அணி.

முதலில் எனக்குக் கிடைத்த நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தது ரேடியோ.

ஆறு மாதத்தில் 162 ஆட்டம். கிட்டத்தட்ட தினமும். அத்தனையையும் யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் கேட்க முடியும். அணி கிழக்குக் கரைக்குப் போயிருந்தால் நம் நேரத்துக்கு மாலை நாலு மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். 520 பாலத்தில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ரேடியோவில் 710 ஏஎம் போட்டால், ஒன்பது இன்னிங்ஸில் நாலாவது ஓடிக்கொண்டிருக்கும். உள்ளூர் ஆட்டம் என்றால் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் நேரம். ரிக் ரிஸ் 1980களிலேயே இந்த அணிக்கு வர்ணனை செய்யத் தொடங்கியவர். பேட்டர் எங்கே நிற்கிறார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பிட்ச்சர் தொப்பியை எத்தனை முறை தொட்டார், எல்லாம் சொல்வார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம் இருக்கும். அதில் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும். மைதானத்தை ஒட்டியே ரயில் பாதை போகிறது, அதனால் சில நாள் சரக்கு ரயிலின் ஊதல் சத்தமும் சேர்ந்து வரும்.

எங்கள் அப்பா சேப்பாக்கம் டெஸ்ட் நாட்களில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏன் அப்படி என்று எனக்கு அப்போது புரியவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று மரினர்ஸ் கேட்கும்போது இப்போது நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இந்த ஊரில் எனக்கு வீடு என்ற உணர்வு எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், ஒரு ஜூன் மாத இரவில், ஏழாவது இன்னிங்ஸில், தண்ணீர்க் குழாயைச் சின்னதாக வைத்துக்கொண்டு ரேடியோவைக் கேட்டபோது என்றுதான் சொல்வேன்.

மைதானமும் நல்ல மைதானம். கூரை திறந்து மூடும், ஆனால் பக்கச் சுவர்கள் கிடையாது, பெரிய குடை பிடித்த மாதிரி. மழைக்காக ஆட்டம் நிற்காது. ஆனால் குளிர் உள்ளே வரும், ஏப்ரல் இரவுக்குக் கம்பளி வேண்டும். ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்கு வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது புளியோதரை. 2023-லிருந்து, பந்து வீச நேரக் கெடு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்துவிட்டதால் மூன்று மணி நேரத்துக்கு இழுத்தது சுமார் 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். ஒரே ஒரு குறைதான். பன்னிரண்டு வருடமாக ஒரே குறை. இந்த அணி ரன் எடுக்காது.

எல்லா நாளும் இல்லை. ஆனால் எடுத்தே ஆக வேண்டிய நாளில் எடுக்காது. ஸ்கோர் பலகையில் முட்டை, முட்டை, முட்டை என்று வரிசையாக வரும். நம் பிட்ச்சர் உயிரைக் கொடுத்து வீசியிருப்பார். நான் வருவதற்கு முன்பிருந்தே இது இப்படித்தான். 2010இல் ஃபீலிக்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்களின் சராசரி 2.27. சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அந்த வருடம் அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றி 13, தோல்வி 12. அவ்வளவு நன்றாக வீசியவர் வென்ற அளவுக்கு ஏறக்குறைய தோற்கவும் செய்தால், மட்டை பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? 2005-லிருந்து 2019 வரை பதினைந்து சீசன் இதே அணிக்கு வீசினார். ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவரால் பந்து போட முடியவில்லை. 2019 செப்டம்பரில் அவருடைய கடைசி ஆட்டம், அன்றைக்கும் ஓக்லண்டிடம் 3-1 என்று தோல்வி. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் காற்றையும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தில், குளிர்ந்த ஈரக்காற்றில் பந்து தூரம் போகாது. வேறு ஊரில் சுவரைத் தாண்டும் அடி இங்கே ஃபீல்டர் கைக்கு வந்துவிடும். பேட்டர்களுக்கு மிகவும் கஷ்டமான மைதானங்களில் இது ஒன்று. 2013-க்கு முன்னால் சுவரை உள்ளே தள்ளிக் கட்டியும் பார்த்துவிட்டார்கள். அதனால் பேட்டர்களை மட்டும் திட்டுவது தப்பு. இது எனக்குத் தெரியும். ஆனால் எதிரணிக்கும் அதே காற்றுதானே?

2022 அக்டோபர் 15. இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு சொந்த மைதானத்தில் முதல் பிளேஆஃப் ஆட்டம். ஹூஸ்டன் ஏற்கனவே இரண்டு ஆட்டம் வென்றிருந்தது. இதிலும் தோற்றால் முடிந்தது. மதியம் ஒரு மணிக்கு நானும் மகளும் போய் உட்கார்ந்தோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஸ்கோர் எழுதும் அட்டையும் பென்சிலும் அவள் மடியில். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 'கே' போட வேண்டும், மட்டையை வீசாமல் நின்றபடியே அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதெல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜார்ஜ் கிர்பி அப்போது முதல் வருட ஆட்டக்காரர். ஏழு இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன் கொடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அப்படியே. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, 0-0. யாராவது முந்தும் வரை ஆட்டம் தொடரும். பன்னிரண்டு முடிந்தது, 0-0. ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து கைகால் நீட்டுவது வழக்கம். அன்று பதினான்காவதிலும் எழுந்தோம். அட்டையில் கட்டங்கள் தீர்ந்துபோனதும் மகள் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் கோடு கிழித்துத் தொடர்ந்தாள். இரண்டு அணிக்கும் சேர்த்து 42 ஸ்ட்ரைக்அவுட். பதினெட்டாவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா ஒரு பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். 1-0. ஆறு மணி 22 நிமிட ஆட்டத்தில் விழுந்த ஒரே ரன் அது. மரினர்ஸ் வரிசையில் பதினெட்டு முட்டை.

இறங்கி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மகள் கேட்டாள், "அப்பா, ஒரு ரன்கூடவா எடுக்க முடியாது?" அவள் அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அட்டை இன்னும் அவள் மேசை மேல் இருக்கிறது.

அப்புறம் 2023. பிளேஆஃபுக்குள் போக முடியாமல் சீசன் முடிந்ததும், அணியின் பேஸ்பால் பொறுப்பைக் கவனிக்கும் ஜெரி டிபோட்டோ ஒரு கணக்குச் சொன்னார். பத்து வருடம் சேர்த்துப் பார்த்தால், 54 சதவீத ஆட்டங்களை வெல்லும் அணி எப்படியும் பிளேஆஃபுக்குள் போய்விடும், பெரும்பாலும் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடருக்கும் போய்விடும் என்பது அதன் சாரம். ஊரில் எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான். நிதானமாக யோசித்தால் அவர் சொன்னதில் தப்பு இல்லை, ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அடுத்த ஐந்து வருடம் பட்டினி கிடக்கும் அணிகளும் உண்டு. ஆனால் அந்த 2023இல் மரினர்ஸ் வென்றது 88 ஆட்டம், அதாவது 54 சதவீதம். டொரண்டோ 89 வென்று உள்ளே போனது. நாங்கள் ஒரு ஆட்டத்தில் வெளியே. 2024இல் மறுபடியும் அதே ஒரு ஆட்டத்தில் வெளியே. அந்த ஒரு ஆட்டம் எங்கே போனது? எங்கோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவில், நம் பிட்ச்சர் அருமையாக வீசி, 1-0 என்று தோற்றதில்தான் போயிருக்கும். அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் நான் அதைத்தான் தேடுகிறேன்.

2025இல் இந்தக் குறை தீர்ந்துவிட்டது என்றே நம்பினேன். 60 ஹோம் ரன் என்பது எந்த அணியின் எந்த ஆட்டக்காரருக்கும் பெரிய விஷயம். ராலி கேட்ச்சர், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி. இரவெல்லாம் குந்தி உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்பவர். இந்தக் காற்றில், இந்த மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு அடித்திருக்கிறார். கேட்ச்சர்களில் அதற்கு முந்தைய சாதனை 48. அக்டோபர் 10 அன்று பிளேஆஃபில் டெட்ராய்ட்டோடு பதினைந்து இன்னிங்ஸ். அது எங்கள் வீட்டில் பதினெட்டு முட்டைக்கு மருந்து போட்ட இரவு. ஹோர்ஹே போலாங்கோ அடித்த ஒரே அடியில் 3-2. மகள் கத்தியதில் மேல்மாடியிலிருந்து மனைவி இறங்கி ஓடிவந்தாள்.

அக்டோபர் 20, டொரண்டோ, வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் நாங்கள் 3-1 என்று முன்னால். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் வேர்ல்ட் சீரிஸ். 1977இல் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அங்கே போகாத ஒரே மேஜர் லீக் அணி இது. 2001இல் 116 ஆட்டம் வென்றபோதும் போகவில்லை. இரண்டு பேர் பேஸில் நிற்க, ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பேட் செய்ய வந்தார். அணியின் மிகச் சிறந்த ரிலீவர் (நடுவில் இறங்கி வீசும் பிட்ச்சர்) ஆந்த்ரேஸ் முன்யோஸ் வரவில்லை, எட்வர்ட் பசார்டோ வந்தார். மூன்று ரன் ஹோம் ரன். 4-3. அதோடு முடிந்தது. பசார்டோ வருடம் முழுக்க நன்றாக வீசியவர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்யோஸை ஏன் அப்போதே கொண்டுவரவில்லை என்ற கேள்வி மட்டும் நாலு மாதமாக மண்டைக்குள் சுற்றுகிறது. அதற்கும் மேலே ஒன்று. அந்த ஹோம் ரனுக்குப் பின் எட்டாவதும் ஒன்பதாவதும் எங்களுக்கு மிச்சம் இருந்தன. தேவைப்பட்டது ஒரே ஒரு ரன். வந்தது இரண்டு முட்டை.

அதனால் தம்பி, என் பதில்: எடுக்க வேண்டாம்.

மேலே எழுதிய நல்லது எல்லாம் உண்மை. அணி நல்ல அணி, பிட்ச்சிங்கில் இந்த லீக்கில் யாருக்கும் குறைந்தது இல்லை, மைதானம் அருமை. ஆனால் சீசன் டிக்கெட் எடுத்தால் அக்டோபர் ஆட்டங்களுக்கு முதலில் வாங்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது. அந்த உரிமை கையில் இருந்தால் நீங்கள் போவீர்கள். போய் அங்கே ஆறு மணி நேரம் உட்காருவீர்கள். இன்றைய மனநிலையில் அதை இன்னொருவருக்கு வாங்கிக்கொள்ளச் சொல்ல என்னால் முடியவில்லை. இதை ஜூனில் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ரேடியோ கேளுங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதம் கேட்டுப் பாருங்கள், பணம் அதிகம் இல்லை. தனி டிக்கெட் வாங்குவதாக இருந்தால் முதல் பேஸ் பக்கம் மேல் தளத்தில் வாங்குங்கள், இருட்டும்போது நகரத்தின் கட்டிடங்களில் விளக்கு எரிவது தெரியும். வெயில் முகத்தில் அடித்தால் மூன்றாம் பேஸ் பக்கம் மாறிக்கொள்ளலாம். கம்பளி மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு டிக்கெட்டை டிசம்பரிலேயே புதுப்பித்துவிட்டோம். இரண்டு இருக்கை. மகள் புது ஸ்கோர் அட்டை வாங்கி வைத்திருக்கிறாள். இந்த முறை கட்டங்கள் அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கினாள்.